வீட்டு ஸ்டீரியோ செட்டைத் திறந்து பழுதுபார்க்கும் முறை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரேடியோ, கேசட், சிடி, ஆம்ப்ளிஃபயர் ஆகிய நான்கையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, இரண்டு ஸ்பீக்கர்களுடன் விற்கப்பட்ட சிறிய ஸ்டீரியோ செட்டுகள் மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்தவையும் அவற்றில் நிறைய உண்டு. பாட்டு நின்றதும் “ஐசி போயிருக்கும்” என்று சொல்லிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். தெற்குவாசல் பக்கம் எங்கள் வீட்டு மாடியறையில் இந்தப் பெட்டிகளைப் பல வருடங்களாகத் திறந்து பார்த்து வருகிறேன். ஐசியை, அதாவது பல பாகங்களை உள்ளடக்கிய அந்தச் சிறு கறுப்புச் சில்லைத் தொடாமலே சரியான செட்டுகள்தான் அதிகம். தூசி, விட்டுப்போன ஈயப்பற்று, தளர்ந்த ரப்பர் பெல்ட், அழுக்கேறிய வால்யூம் கண்ட்ரோல் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். ஆகவே முதலில் கண்ணால் பார்ப்பது, பிறகு சுத்தம் செய்வது, அதன்பின் மீட்டர் வைத்து அளப்பது, கடைசியாகத்தான் உதிரிபாகம் மாற்றுவது என்ற வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால், பணமும் மிச்சமாகும், உயிருக்கும் ஆபத்து வராது.

வேலைக்கு உட்காரும் இடம்

ஈரமில்லாத தரை, மரமேசை, காலில் ரப்பர் செருப்பு, நல்ல வெளிச்சம் ஆகியவை இருந்தால் போதும். வீட்டில் தனியாக இருக்கும்போது மின்சாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். உடன் இருப்பவருக்கு மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதையும், ஒருவேளை ஷாக் அடித்தால் தொட்டு இழுக்காமல் முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டு மீட்டர் பெட்டிக்கு அருகே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பொருத்தியிருந்தால் அது கூடுதல் பாதுகாப்பு. ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் அதனால் உங்களைக் காப்பாற்ற முடியாது. மோதிரம், கைச்சங்கிலி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. நீளமான ஸ்டார் திருப்புளி ஒன்று, மூக்குக் குறடு, டிஜிட்டல் மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் பம்ப், மென்மையான பெயின்ட் பிரஷ், ஐசோபுரொபைல் ஆல்கஹால், கான்டாக்ட் கிளீனர், 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று ஆகியவை தேவை. டவுன்ஹால் ரோட்டிலும் அதை ஒட்டிய வீதிகளிலும் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இவற்றைக் கேட்டு வாங்கலாம். பழைய பாகத்தைக் கழற்றி கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது. எண்ணை மட்டும் வாயால் சொன்னால், “இதுவும் அதுவும் ஒன்றுதான்” என்று வேறொன்றைக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

இவற்றோடு நீங்களே செய்துகொள்ள வேண்டிய கருவி ஒன்று இருக்கிறது. அதுதான் சீரிஸ் விளக்கு. ஒரு மரப்பலகையில் பல்பு ஹோல்டர் ஒன்றையும் பிளக் சாக்கெட் ஒன்றையும் பொருத்தி, சுவரிலிருந்து வரும் ஃபேஸ் கம்பி பல்பின் வழியாகச் சென்ற பிறகே சாக்கெட்டை அடையும்படி இணைக்க வேண்டும். ஹோல்டரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைப் போட வேண்டும். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. பழுதான செட்டை இந்தச் சாக்கெட்டில் செருகினால், உள்ளே ஷார்ட் இருக்கும்போது செட் எரிவதற்குப் பதிலாகப் பல்பு பிரகாசமாக எரியும். இணைப்புக் கொடுப்பது பற்றிச் சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் உங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். இந்த விளக்கு செட்டைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. சாக்கெட்டில் ஷாக் அடிக்கும் மின்சாரம் அப்படியேதான் இருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்சாரம்

செட்டின் முகப்பில் உள்ள பவர் பட்டனை அணைத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டதாக எண்ணக் கூடாது. பெரும்பாலான செட்டுகளில் அது ஸ்டாண்ட்பை பட்டன் மட்டுமே. டிரான்ஸ்ஃபார்மர் வரை 230 வோல்ட் வந்து நின்றுகொண்டுதான் இருக்கும். மேலும் இரண்டு பின் உள்ள பிளக்கை எப்படித் திருப்பியும் செருகலாம் என்பதால், செட்டுக்குள் இருக்கும் ஸ்விட்சும் ஃபியூஸும் நியூட்ரல் பக்கத்தில் அமைந்துவிட்டால், அணைத்த நிலையிலும் உள்ளே ஃபேஸ் இருக்கும். எனவே பிளக்கைச் சுவரிலிருந்து முழுவதுமாகப் பிடுங்கி, வேலை முடியும் வரை உங்கள் கண்முன்னே மேசை மேல் வைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரும் அதைச் செருகிவிடாமல் இருக்க இதுவே வழி.

பிளக்கைப் பிடுங்கியும் ஆபத்து நீங்காத இடம், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர். கடைகளில் இதைக் கண்டென்சர் என்றே சொல்வார்கள். எடை அதிகமான, இரும்புத் தகடுகள் அடுக்கிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டுகளில், ஃபில்ட்டர் கண்டென்சர்களில் பொதுவாக 20 முதல் 50 வோல்ட் வரை தேங்கியிருக்கும். அது உயிரைப் பறிக்கும் அளவில்லை என்றாலும், திருப்புளி பட்டுத் தீப்பொறி தெறித்தால் ஐசியைக் கெடுத்துவிடும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும் புதிய செட்டுகளின் கதை வேறு. அவற்றில் மஞ்சள் டேப் சுற்றிய சிறிய டிரான்ஸ்ஃபார்மரும், அதன் அருகே 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்ட தடித்த கண்டென்சரும் இருக்கும். எஸ்எம்பிஎஸ் என்று சொல்லப்படும் இந்த மின்வழங்கி அமைப்பில் 230 வோல்ட் நேரடியாக டிசியாக மாற்றப்படுவதால், அந்தக் கண்டென்சரில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும்.

ஆரம்ப காலத்தில் எனக்கே அந்த ஷாக் அடித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து, பத்து நிமிடம் ஆகிவிட்டதே என்ற துணிச்சலில் அத்தகைய செட்டின் சர்க்யூட் பலகை ஒன்றை அடிப்பக்கமாகப் பிடித்துத் தூக்கினேன். கண்டென்சரின் இரண்டு முனைகளும் உள்ளங்கையில் பட்டன. கை தானாக உதறி, பெட்டியின் தகர விளிம்பில் இழுபட்டு, கட்டைவிரலுக்குக் கீழே ஆழமாகக் கிழிந்துவிட்டது. நேரம் கடந்துவிட்டது என்பதை நம்பக் கூடாது, மீட்டர் காட்டுவதை மட்டுமே நம்ப வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

செய்ய வேண்டிய முறை இதுதான். மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட் அளவில் வைத்து, கண்டென்சரின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். மீதி மின்னழுத்தம் இருந்தால், 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இரு கால்களிலும் உறையிட்ட கம்பியும் கிளிப்பும் பொருத்தி, ரெசிஸ்டரின் உடலைக் கையால் தொடாமல், அந்த முனைகளில் ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். பிறகு மறுபடியும் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டு கை வைக்கலாம். திருப்புளியைக் குறுக்கே வைத்து ‘டப்’ என்று அடிக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பகுதியில் பழுது இருப்பதாகத் தெரிந்தால், முதல் சில ஆண்டுகளுக்கு அதை அனுபவமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். இக்கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த செட்

திறப்பதற்கு முன்பே பின்புறத் தகட்டைப் படியுங்கள். 110–127 / 220–240 என்று எழுதிய தேர்வு ஸ்விட்ச் இருந்தால், அது 220–240 பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாகத் திருப்பிவிட்டுப் பிறகு செட் புகைந்த கதை மேலூரிலும் உண்டு, திருமங்கலத்திலும் உண்டு. ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்யப்பட்ட செட்டில் 100 வோல்ட் என்று மட்டுமே இருக்கும். அதற்குத் தனியாக ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்த நாட்டுப் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவதால், அங்குள்ள பழைய செட்டுகளின் அளவு 90-லேயே முடிந்துவிடும். மதுரை வானொலியின் 103.3 அதில் கிடைக்காமல் போவது பழுதல்ல.

திறந்ததும் பார்க்க வேண்டியவை

பின்புறத் திருகுகளைக் கழற்றும்போது நீளமானவற்றையும் குட்டையானவற்றையும் கலந்துவிடாமல், எந்த இடத்திலிருந்து எடுத்ததோ அதே ஒழுங்கில் ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். நீளமான திருகைத் தவறான துளையில் முறுக்கினால் உள்ளே இருக்கும் பலகையைத் துளைத்துவிடும். மூடியைச் சட்டென்று இழுக்கக் கூடாது. முகப்புப் பலகைக்குச் செல்லும் மெல்லிய ரிப்பன் கேபிள் அதனோடு சேர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்கும் முன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது யோசிக்க வேண்டியிருக்காது.

நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை முதல் பார்வையிலேயே காணலாம். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்கின் இடுக்குகளில் கம்பளி போலத் தூசி அடைந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் கதகதப்புக்குப் பல்லி வந்து முட்டையிட்டிருக்கும். அதன் எச்சம் விழுந்த இடத்தில் செம்புப் பாதை பச்சை பூத்து அரித்துப்போயிருக்கும். எறும்புப் புற்று மண், கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு ஆகியவையும் உண்டு. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, புளோயரால் மெதுவாக ஊதி வெளியேற்றுங்கள். அரித்த இடத்தை மட்டும் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்துணி, பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அது காயும் வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது.

தூசி போன பிறகு பலகையின் அடிப்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். நல்ல ஈயப்பற்று சிறு எரிமலை போலச் சரிவாக ஏறி, பளபளப்பாக இருக்கும். விட்டுப்போன பற்றில், பாகத்தின் காலைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம் தெரியும். அந்தக் காலை மறுபுறத்திலிருந்து விரலால் லேசாக அசைத்தால், வளையத்துக்குள் அது மட்டும் தனியே ஆடுவதைக் காணலாம். “தட்டினால் பாடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது” என்று கொண்டுவரும் செட்டுகளில் இந்த வளையம்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஸ்பீக்கர் கம்பி சொருகும் முனைகள், டிரான்ஸ்ஃபார்மரின் கால்கள், வால்யூம் கண்ட்ரோல், ஹீட் சிங்கில் பூட்டிய ஐசியின் கால்கள் என்று சூடும் அசைவும் உள்ள இடங்களில் முதலில் தேடுங்கள். சால்டரிங் அயர்னின் நுனியைக் காலிலும் செம்பிலும் ஒருசேரத் தொடுமாறு வைத்து, இரண்டு மூன்று நொடி சூடேறியதும் ஈயத்தை அந்தச் சந்திப்பில் கொடுத்து, உருகிப் பரவியதும் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். ஈயம் கெட்டியாகும் வரை அசைக்கக் கூடாது. புகையை மூச்சில் இழுக்காமல் ஜன்னலோரம் உட்காருங்கள்; வேலை முடிந்து கைகழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

மேல்பகுதி நசிந்த ஐசி, கருகிய ரெசிஸ்டர், தலை உப்பிய கண்டென்சர் ஆகியவற்றையும் இப்போதே குறித்துக்கொள்ளலாம். ஆனால் உடனே மாற்றிவிடாதீர்கள், காரணம் இன்னும் தெரியவில்லை.

கேசட், சிடி, வால்யூம்

கேசட் பகுதியில் பாட்டு மந்தமாகக் கேட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு நிறத்தில் படிந்திருக்கும் நாடாத்தூளைப் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு, குச்சி வெள்ளையாக வெளியே வரும் வரை துடைக்க வேண்டும். கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். குரல் தடித்தோ அலைபாய்ந்தோ கேட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பழைய பெல்ட் தார் போல உருகிச் சக்கரங்களில் ஒட்டியிருந்தால், அந்தப் பிசின் முழுவதையும் துடைத்தெடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும். நாடாவை அழுத்தி இழுக்கும் பின்ச் ரோலரின் ரப்பருக்கு ஆல்கஹாலை அதிகம் கொடுத்தால் வறண்டு வெடித்துவிடும். சோப்புத் தண்ணீர் தொட்ட துணியே போதும்.

சிடி பகுதியில் ஒரு விதியை மீறவே கூடாது. திறந்த நிலையில் ஓடும்போது லென்ஸை நேராகப் பார்க்கக் கூடாது. அதன் லேசர் 780 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளி என்பதால் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுடும் ஆபத்து உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகு, காய்ந்த பஞ்சுக்குச்சியால் லென்ஸை இறகால் தொடுவது போல ஒருமுறை சுழற்றித் துடையுங்கள். லேசர் பகுதியில் உள்ள சிறிய திருகு ரெசிஸ்டரைத் திருப்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத் திருப்பி ஆயுளைக் குறைத்துவிட்ட லேசர்களை நிறையப் பார்த்துவிட்டேன். லேசர் பகுதி நகரும் தண்டவாளக் கம்பிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது நாளடைவில் கெட்டிப்பட்டுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், கண்ட்ரோலின் உடலில் உள்ள இடுக்கில் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, முழுக்க முப்பது முறையாவது இருபுறமும் திருப்புங்கள்.

அளந்து பார்ப்பது

செட்டில் உயிரே இல்லை என்றால், பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மின்கம்பியையும் ஃபியூஸையும் ஓம் அளவில் சோதியுங்கள். இரண்டும் நன்றாக இருந்து, டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் சுற்று மட்டும் மீட்டரில் எதுவும் காட்டாவிட்டால், டேப்புக்கு அடியில் புதைந்திருக்கும் வெப்ப ஃபியூஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கம்பியால் இணைத்து ஓட்டக் கூடாது. அதே வெப்ப அளவுள்ள புதிய ஃபியூஸோ புதிய டிரான்ஸ்ஃபார்மரோதான் வேண்டும். சாதாரண ஃபியூஸுக்கும் இதே விதிதான். உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு செட்டில் ஃபியூஸைச் சிகரெட் வெள்ளித்தாளால் சுற்றியிருந்தார்கள். சில ரூபாயில் முடிய வேண்டிய பழுது டிரான்ஸ்ஃபார்மரோடு, பெட்டியின் பிளாஸ்டிக் அடிப்பாகத்தையும் உருக்கியிருந்தது. ஃபியூஸில் அச்சிட்ட ஆம்பியரும், மெதுவாகப் போகும் வகையைக் குறிக்கும் ‘டி’ எழுத்தும் புதியதிலும் அப்படியே இருக்க வேண்டும்.

புதிய ஃபியூஸும் போட்டவுடன் போனால், ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜில் உள்ள நான்கு டையோடுகளை டையோடு அளவில் சோதியுங்கள். ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டி, மறுதிசையில் ஒன்றும் காட்டாதது நல்ல டையோடு. இரு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால், அதன் ஒரு காலைத் தூக்கிவிட்டு மீண்டும் அளந்து உறுதிசெய்த பிறகு மாற்றலாம். ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடவில்லை என்றால், செட்டை அணைத்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றிச் சொருகுங்கள். அதே ஸ்பீக்கர் மறுபடியும் ஊமையாகவே இருந்தால் பழுது ஸ்பீக்கரில் இருக்கிறது; மற்ற ஸ்பீக்கர் ஊமையானால் பழுது செட்டில் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டும், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். பாட்டோடு சேர்ந்து ‘உம்’ என்ற தாழ்ந்த இரைச்சல் விடாமல் வந்தால் ஃபில்ட்டர் கண்டென்சர் வலுவிழந்திருக்கலாம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பிரிட்ஜைக் கடக்கும்போது 100 ஹெர்ட்ஸ் அலையாகிறது. அதைச் சமப்படுத்தும் வேலை அந்தக் கண்டென்சருடையது. மாற்றும்போது அதே மைக்ரோ ஃபாரட், அதே அல்லது கூடுதலான வோல்ட், 105 டிகிரி வகை என்று கேட்டு வாங்குங்கள். உடலில் உள்ள கோடு நெகட்டிவ் காலைக் குறிக்கும். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

ஆம்ப்ளிஃபயர் ஐசியை மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், ஹீட் சிங்குக்கு இடையே இருந்த மைக்கா தகட்டையும் வெள்ளைப் பசையையும் விட்டுவிடாதீர்கள். டிடிஏ2030 போன்ற ஐசிகளின் உலோக முதுகு நெகட்டிவ் சப்ளையோடு உள்ளேயே இணைந்திருப்பதால், பல செட்டுகளில் மைக்கா இல்லாமல் பூட்டினால் அக்கணமே ஷார்ட்டாகும்.

மீண்டும் உயிர் கொடுப்பது

ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, வால்யூமைக் குறைத்து, சீரிஸ் விளக்கின் வழியாகச் செட்டை இணையுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கிவிட்டால் நல்லது. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உடனே பிடுங்கிவிட்டு மறுபடியும் அளக்கத் தொடங்க வேண்டும். பல்பு மங்கியதும், ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டு, மறுகையால் மட்டும் மீட்டர் முனையைப் பிடித்து, ஸ்பீக்கர் முனைகளுக்கிடையே டிசி வோல்ட் பாருங்கள். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை இணைக்கலாம். சில வோல்ட் காட்டினால் இணைத்தவுடன் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடும். இரு ஸ்பீக்கர்களின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிடவும் வேண்டாம். சில செட்டுகளில் அந்த முனையும் கிரவுண்ட் அல்ல.

எல்லாம் சரியாக இருந்தால் சீரிஸ் விளக்கை விலக்கி, நேரடி இணைப்பில், மிதமான சத்தத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கி ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் வேலை இன்னும் முடியவில்லை. மூடியைப் பூட்டிய பின், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே துணி போர்த்தாமல் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளிலும், ஐப்பசியில் இடி இறங்கும் மாலைகளிலும் பிளக்கோடு வெளி ஆன்டெனா கம்பியையும் கழற்றிவிடுங்கள். பூட்டுவதற்கு முன், போட்ட ஃபியூஸின் அளவையும் மாற்றிய பாகங்களையும் தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்து இந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது உதவும்.